இடுப்பில் தொடங்கி கால் வரை இழுக்கும் வலி... படுத்தே கிடந்தால் சரியாகுமா?

20 லிட்டர் தண்ணீர் கேனைக் குனிந்து தூக்கும்போது இடுப்பில் 'சுளீர்' என்று ஒரு பிடிப்பு. மறுநாள் அந்த வலி பிட்டம், தொடை வழியாகக் கெண்டைக்கால் வரை இறங்கியிருக்கும். 'வாய்வுப் பிடிப்புதான்' என்று தைலம் தேய்த்துப் படுத்துவிடுவார்கள்.

வாய்வுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருக்கும் டிஸ்க் பிதுங்கி, காலுக்குப் போகும் நரம்பின் வேரை அழுத்தினால் இப்படி இழுக்கும். இதைத்தான் டாக்டர்கள் 'சியாட்டிகா' என்கிறார்கள். காலுக்கு இறங்காத வெறும் இடுப்புவலி பெரும்பாலும் தசை, தசைநார் சார்ந்தது.

இரண்டுமே பலருக்கும் சில வாரங்களில் தானாகக் குறைந்துவிடும். படுத்தே கிடந்தால்தான் தசைகள் பலவீனமாகி, குணமாவது தள்ளிப்போகும். வலி பொறுக்கும் அளவுக்கு வீட்டுக்குள்ளேயே நடக்கலாம். வெந்நீர் ஒத்தடம் இதமாக இருக்கும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரையை வாரக்கணக்கில் விழுங்குவது சிறுநீரகத்துக்கு ஆபத்து. எடுத்த எடுப்பில் எல்லோருக்கும் எம்.ஆர்.ஐ தேவையில்லை; வலியே இல்லாதவர்களின் ஸ்கேனிலும் டிஸ்க் பிதுக்கம் தெரிவதுண்டு. 6 வாரங்களாகியும் குறையவில்லை என்றால் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். பிசியோதெரபியிலேயே பலர் தேறிவிடுவார்கள்; ஆபரேஷன் சிலருக்குத்தான்.

ஆனால், காத்திருக்கவே கூடாத நிலை ஒன்று உண்டு. சிறுநீர் பிரியாமல் அடைத்துக்கொள்வது, தெரியாமலே கசிவது, பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சுற்றி மரத்துப்போவது, கால்கள் திடீரென வலுவிழப்பது... இவற்றில் எது வந்தாலும், நள்ளிரவானாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். தாமதமானால் பாதிப்பு நிரந்தரமாகலாம். கூச்சப்பட்டு 'இடுப்புவலி' என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்காமல், சிறுநீர்ப் பிரச்னையையும் மரத்துப்போனதையும் முதலில் சொல்ல வேண்டும்.