நாபா ஜெயிலில் இருந்து கூடவே வந்த ஆள்!

நேருவை படுக்கையில் தள்ளிய காய்ச்சல்

ஜெயிலுக்குப் போனது 3 பேர். கோர்ட்டு போட்ட தண்டனை 2 வருஷத்துக்குக் குறையாது. ஆனால் தீர்ப்பு சொன்ன அன்று சாயங்காலமே மூன்று பேரையும் வெளியே விட்டு விட்டார்கள்!

விட்டது தொல்லை என்று ரெயில் ஏறினார்கள். ஆனால் விடவில்லை. டிக்கெட் வாங்காமல் ஒரு ஆள் கூடவே வந்து விட்டான். கண்ணுக்குத் தெரியாத ஆள். டைபாய்டு கிருமி!

அந்த மூவரில் ஒருவர் ஜவகர்லால் நேரு. இன்னொருவர் ஆச்சார்ய கிட்வானி. மூன்றாமவர் நம்ம சென்னை மாகாணத்துக்காரர், கே.சந்தானம்.

நடந்தது 1923-ம் ஆண்டு செப்டம்பர் மாதம்.

பஞ்சாபில் நாபா என்று ஒரு சமஸ்தானம். அதன் மகாராஜாவை அந்த வருஷம் ஜூலையில் வெள்ளைக்கார சர்க்கார் பட்டத்தில் இருந்து இறக்கி, ஆங்கிலேய அதிகாரி ஒருவரை நிர்வாகியாக உட்கார வைத்தது. சீக்கியர்கள் கொதித்தார்கள். நாபாவைச் சேர்ந்த ஜைத்தோ என்ற ஊரில் குருத்வாராவில் நடந்த கிரந்த பாராயணத்தை அதிகாரிகள் நடுவில் நிறுத்தவே, நெருப்பு பற்றிக்கொண்டது. அகாலி தொண்டர்கள் அணி அணியாக ஜைத்தோவுக்குப் போய் கைதானார்கள்.

"எங்களோடு வந்து பாருங்கள்" என்று நேருவுக்கு அழைப்பு வந்தது. டெல்லியில் காங்கிரஸ் விசேஷ மாநாடு முடிந்த கையோடு மூவரும் கிளம்பி விட்டார்கள்.

பெயர் தெரியாத கைதிகள்

ஜைத்தோவில் கால் வைத்ததும் போலீசார் ஒரு உத்தரவை நீட்டினார்கள். "நாபா எல்லைக்குள் நுழையக் கூடாது. நுழைந்திருந்தால் உடனே வெளியேற வேண்டும்." இதே போல மற்ற இருவருக்கும் ஆளுக்கு ஒன்று. அதில் பெயரே இல்லை! அவர்கள் யார் என்று நாபா அதிகாரிகளுக்குத் தெரியாதாம்.

"நாங்கள் வேடிக்கை பார்க்க வந்தவர்கள். ஏற்கனவே உள்ளே வந்தாயிற்று. அடுத்த ரெயிலுக்கு பல மணி நேரம் இருக்கிறது. அதற்குள் காற்றில் கரைந்து போக முடியுமா?" என்ற பாணியில் மூவரும் பதில் சொன்னார்கள். போலீசுக்கு அது பிடிக்குமா? உடனே கைது!

நேருவின் வலது கையையும் சந்தானத்தின் இடது கையையும் ஒரே விலங்கில் பூட்டினார்கள். விலங்கில் ஒரு சங்கிலி. சங்கிலியின் மறுமுனை போலீஸ்காரர் கையில். அப்படியே ஜைத்தோ தெரு வழியாக நடத்திப் போனார்கள். பின்னால் கிட்வானி, அவருக்கும் விலங்கு, சங்கிலி.

அடுத்து ரெயில் பயணம். கூட்டம் நெரியும் மூன்றாம் வகுப்புப் பெட்டி. நடுராத்திரியில் வண்டி மாற வேண்டும். அப்போதும் விலங்கைக் கழற்றவில்லை. தினமும் மின்சார ரெயிலில் தொங்கிக்கொண்டு போகிறவர்கள் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம். ஒருத்தர் தண்ணீர் குடிக்க எழுந்தால் அடுத்தவரும் எழ வேண்டும். ஒருத்தர் திரும்பிப் படுத்தால் இன்னொருத்தர் கை இழுபடும். மறுநாள் பகலில் நாபா ஜெயிலில் ஒப்படைத்த பிறகுதான் கைகள் பிரிந்தன.

முகத்தில் எலி ஓட்டம்

ஜெயிலில் மூன்று பேருக்கும் ஒரே அறை. சின்ன அறை. ஈரம் கசியும் தரை. கையைத் தூக்கினால் கூரை தட்டுப்படும். கட்டில் இல்லை, தரையில்தான் படுக்கை.

ராத்திரி திடுக்கிட்டு விழிப்பாராம் நேரு. முகத்தின் மேல் எலி ஓடியிருக்கும்! அலகாபாத்தில் பங்களாவில் வளர்ந்த மனிதர்.

கோர்ட்டு விசாரணை ஒரு கூத்து. நீதிபதிக்கு இங்கிலீஷ் தெரியாது. கோர்ட்டு மொழியான உருதுவில் எழுதவும் வராது. ஒரு வாரத்துக்கு மேல் பார்த்தும் அவர் ஒரு வரி எழுதி நேரு பார்க்கவில்லை. எழுத வேண்டியது வந்தால் சிரஸ்தாரிடம் தள்ளி விடுவார்.

திடீரென்று சதி வழக்கு ஒன்றும் போட்டார்கள். சதி செய்ய 3 பேர் போதாதாம், 4 பேர் வேண்டுமாம்! வயலில் எங்கேயோ எதிர்ப்பட்ட ஒரு சீக்கியரைப் பிடித்து வந்து கூண்டில் ஏற்றிக் கணக்கைச் சரி செய்தார்கள். மூவருக்கும் அவர் யார் என்றே தெரியாது.

மகனைப் பற்றிக் கவலைப்பட்ட மோதிலால் நேரு வைசிராய்க்கு தந்தி மேல் தந்தி அடித்தார். நாபாவுக்கே வந்தார். பல முட்டுக்கட்டைக்குப் பிறகுதான் ஜெயிலில் மகனைப் பார்க்க முடிந்தது.

இரண்டு வாரம் போல இழுத்த பிறகு தீர்ப்பு. அன்று சாயங்காலமே ஜெயில் சூப்பிரண்டு கூப்பிட்டு இன்னொரு உத்தரவைக் காட்டினார். தண்டனை நிறுத்தி வைப்பு! ஆனால் நாபாவை விட்டு வெளியேற வேண்டும், அனுமதி இல்லாமல் திரும்பி வரக் கூடாது. உத்தரவின் நகல் கேட்டார்கள். கிடைக்கவில்லை. ராத்திரியோடு ராத்திரியாக ரெயில் நிலையத்தில் கொண்டுபோய் விட்டார்கள்.

ஊர் வந்து சேர்ந்தவர்களை காய்ச்சல் பிடித்தது. நேருவுக்கு கடுமையான டைபாய்டு, ஒரு கட்டத்தில் உயிருக்கே ஆபத்து. 3, 4 வாரம் படுக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை. மூவரில் லேசாகத் தப்பியவர் அவர்தான்! சந்தானமும் கிட்வானியும் நீண்ட காலம் மிக மோசமான நிலையில் கிடந்தார்கள்.

டைபாய்டு கிருமி உள்ளே போனவுடன் வேலையைக் காட்டாது. ஒரு வாரம், இரண்டு வாரம், சில சமயம் அதற்கும் மேல் பதுங்கி இருக்கும். நோயாளியின் மலம் கலந்த தண்ணீர், ஈ மொய்த்த சோறு, இதுதான் அதற்கு வழி. ஒரே பானைத் தண்ணீரும் ஒரே ஜெயில் சாப்பாடும் என்றால் மூன்று பேருக்கும் சேர்ந்து வந்ததில் அதிசயம் என்ன?

இன்று டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுக்கிறார். 1923-ல் அந்த வசதி கிடையாது. டைபாய்டைக் கேட்கும் முதல் மருந்தான குளோராம்பெனிகால் வந்தது 1948-ல்தான். அதுவரை கஞ்சியும் பாலும் ஈரத்துணியும்தான் வைத்தியம். 21 நாள் பத்தியம் என்று பாட்டிமார்கள் சொல்வது அந்தக் காலத்துப் பயம். மூன்றாவது வாரத்தில் குடல் புண்ணில் ஓட்டை விழுந்து விட்டால் ஆள் பிழைப்பது கஷ்டம்.

இன்னொரு விஷயம். தன் சுயசரிதையில் நேரு கிருமிக்கு டைபஸ் என்றும், காய்ச்சலுக்கு டைபாய்டு என்றும் பெயர் சொல்கிறார். உண்மையில் இரண்டும் வேறு வேறு நோய். டைபஸ் பேன் மூலமாகவும் எலியின் மேல் உள்ள தெள்ளுப்பூச்சி மூலமாகவும் பரவுவது. அதற்குப் பழைய பெயரே "ஜெயில் காய்ச்சல்". லண்டனில் 1750-ல் நியூகேட் ஜெயில் கைதிகளை விசாரித்த கோர்ட்டில் அது பரவி, 2 நீதிபதிகளும் நகர மேயரும் செத்தே போனார்கள். டாக்டர்களே 19-ம் நூற்றாண்டு வரை இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியவர்கள்தான். எலிக்குப் பஞ்சம் இல்லாத அறையில் இருந்து வந்த நேரு குழம்பியதில் தப்பு இல்லை.

தில்லையாடி வள்ளியம்மை கதை தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். தென் ஆப்பிரிக்காவில் காந்திஜியின் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போன அந்தப் பெண்ணும் உள்ளே இருந்து கொண்டு வந்தது காய்ச்சலைத்தான். விடுதலையான சில நாளில், 1914 பிப்ரவரி 22-ந் தேதி உயிர் போயிற்று. வயது 16.

மறுபடியும் கிட்வானி

நாபாவில் அகாலிகள் போராட்டம் ஓயவில்லை. 1924 பிப்ரவரியில் ஜைத்தோவுக்கு வந்த பெரிய அணி மீது துப்பாக்கி சூடு நடந்தது. காங்கிரஸ் சார்பில் கூடப் போயிருந்தவர் யார் தெரியுமா? அதே கிட்வானி. காய்ச்சலில் கிடந்து தேறி சில மாதம்தான் ஆகியிருந்தது.

குண்டடி பட்டவர்களுக்கு உதவ ஓடினார். போலீசார் பாய்ந்து பிடித்தார்கள். மறுபடியும் ஜெயில்!

எதற்காகப் பிடித்தீர்கள் என்று நேரு கடிதம் எழுதிக் கேட்டார். அனுமதி இல்லாமல் நாபாவுக்குள் வரக் கூடாது என்ற உத்தரவை மீறினாராம். நகல் கூடக் கொடுக்காத அதே உத்தரவு!

நாமும் திரும்பிப் போய் கைதாவோமா என்று நேரு யோசித்தார். வேண்டாம் என்று நண்பர்கள் தடுத்தார்கள். அவரும் போகவில்லை. ஆனால் 1936-ல் வெளியான சுயசரிதையில் இதை மறைக்காமல் எழுதி விட்டார். நண்பர்கள் சொன்னது ஒரு சாக்குதான், மறுபடியும் அந்த ஜெயிலுக்குப் போக மனசு இல்லை என்பதுதான் நிஜம், கூட இருந்தவரை இப்படிக் கைவிட்டது எப்போதும் கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது என்று ஒப்புக்கொண்டார்.

கிட்வானியை ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து விட்டார்கள். உடம்பு அடியோடு குலைந்து போயிருந்தது. அத்தனை நாளும் அவரை ஒரு கோர்ட்டிலும் நிறுத்தவே இல்லை.