திருவாதிரைக் களியும் ஏழுகறிக் கூட்டும்
மார்கழித் திருவாதிரையன்று நடராசருக்குப் படைப்பது களி. விறகு விற்றுப் பிழைத்த சேந்தனார் கொடுத்த களியைச் சிவபெருமான் ஏற்றதாகத் தலக்கதை.

பச்சரிசியைப் பொன்னிறமாக வறுத்து ரவையாக உடைக்க வேண்டும். கூடவே கொஞ்சம் வறுத்த பாசிப்பருப்பு. வறுப்பதில் அவசரம் காட்டினால் களி பசையாகிவிடும். பக்குவமாக வறுபட்டால்தான் பொலபொலவென உதிரும். ஒரு பங்கு ரவைக்குச் சுமார் இரண்டரைப் பங்கு நீர். அதில் வெல்லத்தைக் கரைத்து, மண் போக வடிகட்டி, கொதிக்கையில் ரவையைத் தூவிக் கட்டிதட்டாமல் கிளறுவார்கள். தேங்காய்த் துருவல், ஏலக்காய், நெய்யில் வறுத்த முந்திரி கடைசியில் சேரும்.

இனிப்பான களிக்குத் தொட்டுக்கொள்ளப் புளிப்பும் காரமுமான கூட்டு என்பது விசித்திரமாகத் தோன்றலாம், ருசித்தவர்கள் மறுக்கமாட்டார்கள். பரங்கி, பூசணி, சேனை, வாழைக்காய், சர்க்கரைவள்ளி ஆகியவற்றோடு பனிக்காலத்தில் செழித்துக் காய்க்கும் அவரையும் மொச்சையும் இதில் இடம்பெறும். காய்களின் பட்டியல் வீட்டுக்கு வீடு மாறும்.