கொழுப்பு மிகுந்தால் சர்க்கரை தேங்கும்

சர்க்கரை நோய்க்கு இனிப்பு மட்டுமே காரணம் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். கொழுப்புக்கும் அதில் பங்குண்டு.

கணையத்தில் சுரக்கும் இன்சுலின், இரத்தத்திலுள்ள சர்க்கரையைத் தசைக்குள் அனுப்புகிறது. சேமிப்பிலுள்ள கொழுப்பு கரைந்து வெளியேறாமலும் தடுக்கிறது. தொந்தி பெருத்தால் கொழுப்பு அமிலம் இரத்தத்தில் மிகுதியாகக் கலக்கிறது. தசை அதையே எரிப்பதால் சர்க்கரை தேங்குகிறது. 1963இல் இங்கிலாந்தில் பிலிப் ராண்டில் குழுவினர் இதை விளக்கினர். கல்லீரலிலும் தசையிலும் கொழுப்பு படிந்தால் இன்சுலினின் வேலை எடுபடாது என்பதும் பின்னர் தெளிவாயிற்று. கிட்டங்கி நிரம்பி வழிந்தால் புதுச் சரக்கு லாரியிலேயே நிற்கும் அல்லவா? அதுபோலத்தான்.

நாள் முழுதும் கல்லாவில் அமரும் நமக்கு நடை அவசியம். உழைக்கும் தசை, இன்சுலின் குறைந்தாலும் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். கடை திறக்குமுன் அரை மணி நடப்போம்; மாத்திரை சாப்பிடுவோர் அதை நிறுத்தாமல் நடப்போம்.