ஓர் அடிமைக்கு ஒரு பட்டாளம்

அமெரிக்காவைப் பிளவிலிருந்து காப்பாற்ற 1850-ல் வந்த சட்டம், பதினோரே ஆண்டுகளில் அதை உள்நாட்டுப் போரின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது.

1854 ஜூன் 2. பாஸ்டன் நகரில் பல கடைகள் மூடிக் கிடந்தன. வீதிகளின் இருபுறமும் சுமார் 50,000 பேர். ஜன்னல்களில் கறுப்புத் துணி. ஒரு கட்டடத்திலிருந்து தொங்கிய சவப்பெட்டியின் மேல் 'சுதந்திரம்' என்று எழுதியிருந்தது. நடுவே துப்பாக்கி ஏந்திய சிப்பாய்கள், குதிரைப்படை, கூடவே ஒரு பீரங்கி. இத்தனை காவலோடு துறைமுகத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டவர் எதிரி நாட்டுத் தளபதி அல்ல. பெயர் ஆன்டனி பர்ன்ஸ். வயது சுமார் இருபது. துணிக்கடைச் சிப்பந்தி. தெற்கே வர்ஜீனியாவில் இருந்த தன் எஜமானரிடமிருந்து கப்பலில் ஒளிந்து தப்பி வந்ததுதான் அவர் செய்த குற்றம்.

பர்ன்ஸைக் காட்டிக்கொடுத்தது அவருடைய எழுத்தறிவு. சகோதரருக்கு எழுதிய கடிதம் எஜமானர் சார்லஸ் சட்டில் கையில் சிக்கியது. சட்டில் பாஸ்டனுக்கே வந்துவிட்டார். மே 24 மாலை, நகைக்கடைத் திருட்டு என்ற பொய்ச் சாக்கில் பர்ன்ஸ் கைது செய்யப்பட்டார். இரண்டு நாள் கழித்து அடிமை முறை எதிர்ப்பாளர்கள் நீதிமன்றக் கதவை உடைத்துக்கொண்டு நுழைய முயன்றனர். கைகலப்பில் காவலர் ஒருவர் இறந்தார். செலவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், சட்டம் நிறைவேறியாக வேண்டும் என்று வாஷிங்டனிலிருந்து அதிபர் ஃபிராங்க்ளின் பியர்ஸ் தந்தி அடித்தார்.

அந்தச் சட்டம்தான் 1850-ன் தப்பியோடிய அடிமைகள் சட்டம். படித்தால் இன்றும் திகைப்பாக இருக்கிறது. பிடிபட்டவர் தன் தரப்பில் சாட்சி சொல்ல முடியாது. ஜூரி விசாரணை கிடையாது. முடிவு செய்பவர் ஒரு கமிஷனர். அடிமைதான் என்று அனுப்பி வைத்தால் அவருக்குக் கட்டணம் 10 டாலர், விடுவித்தால் 5 டாலர். எழுத்து வேலை அதிகம் என்று அதற்கு விளக்கம் சொன்னார்கள்! தப்பியவருக்கு உதவினால் 1,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. தெருவில் போகிற எவரையும் அடிமை பிடிக்கக் கூப்பிடலாம். அவர் வந்தாக வேண்டும்.

இத்தகைய சட்டம் எப்படி வந்தது? அமெரிக்க அரசியல் சட்டத்தை எழுதியவர்கள் 'அடிமை' என்ற சொல்லையே தவிர்த்துவிட்டு, ஓடிப்போனவர்களைத் திருப்பித்தர வேண்டும் என்று மட்டும் சேர்த்திருந்தார்கள். 1820-ல் மிசௌரி தகராறு வந்தபோது நாட்டின் குறுக்கே ஒரு கோடு கிழித்துப் பிரச்சினையைத் தள்ளிப்போட்டார்கள். ஆனால் பருத்தி தள்ளிப்போட விடவில்லை. 1860-ல் நாட்டின் ஏற்றுமதி வருமானத்தில் பாதிக்கு மேல் அதிலிருந்துதான் வந்தது. நாட்டில் இருந்த அடிமைகள் சுமார் 40 லட்சம் பேர். அவர்களுக்குச் சந்தை போட்டிருந்த விலை சுமார் 300 கோடி டாலர் - நாட்டின் ரயில்வேக்களும் தொழிற்சாலைகளும் சேர்ந்தாலும் எட்டாத தொகை. இப்படிப்பட்ட சொத்தை உபதேசம் கேட்டு யாரும் விட்டுக்கொடுப்பதில்லை.

மெக்ஸிகோவிடமிருந்து பறித்த நிலங்களில் அடிமை முறை இருக்கலாமா என்ற சண்டை 1850-ல் முற்றியது. தங்கம் கிடைத்த கலிபோர்னியா அடிமையற்ற மாநிலமாகச் சேர விரும்பியது. அதை ஏற்றுக்கொள்ளத் தெற்குக்குக் கொடுக்கப்பட்ட விலைகளில் ஒன்றுதான் புதிய சட்டம். மாசசூசெட்ஸின் மூத்த செனட்டர் டேனியல் வெப்ஸ்டரே அதற்கு ஆதரவாகப் பேசினார். ஒன்றியம் பிழைக்க வேண்டும் என்பது அவர் வாதம்.

நடந்தது வேறு. அதுவரை வடக்கில் பெரும்பாலோருக்கு அடிமை முறை எங்கோ தூரத்து விவகாரம். கறுப்பர்கள்மீது அவர்களுக்கு அப்படியொன்றும் பாசம் இருந்ததாகச் சொல்ல முடியாது. பல வட மாநிலங்களில் கறுப்பருக்கு ஓட்டுரிமைகூட இல்லை. புதிய சட்டமோ விலங்கையும் சங்கிலியையும் அவர்கள் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. தேவாலயத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவரை, கடையில் துணி எடுத்துக் காட்டியவரை இழுத்துப்போவதைப் பார்க்க நேர்ந்தது. ஆயிரக்கணக்கான கறுப்பர்கள் கனடாவுக்கு ஓடினர். சட்டத்தால் கொதித்துப்போன ஹேரியட் பீச்சர் ஸ்டோவ் எழுதிய 'அங்கிள் டாம்ஸ் கேபின்' 1852-ல் நூலாக வந்தது. ஓராண்டுக்குள் அமெரிக்காவில் மட்டும் 3 லட்சம் பிரதிகள் விற்றது.

பர்ன்ஸ் ஊர்வலம் மாற்றியவர்களில் குறிப்பிடத்தக்கவர் ஏமஸ் லாரன்ஸ். தெற்கின் பருத்தியை நம்பி ஆலை நடத்திய குடும்பம். சமரசக் கட்சிக்காரர். இரவு பழமைவாதியாகப் படுத்தவர்கள் காலையில் வெறிகொண்ட அடிமை எதிர்ப்பாளர்களாக எழுந்தோம் என்ற பொருளில் அவர் எழுதிய கடிதம் புகழ்பெற்றது. பர்ன்ஸ் காவலில் இருந்த அதே வாரம், மே 30-ல், கான்சாஸ்-நெப்ராஸ்கா சட்டத்தில் பியர்ஸ் கையெழுத்திட்டார். 1820-ன் கோடு அழிந்தது. அடிமை முறை வேண்டுமா என்பதைக் குடியேறுபவர்களே முடிவு செய்யலாம் என்றானது. அடிமை முறையை எதிர்ப்பவர்களைக் கான்சாஸில் குடியேற்ற லாரன்ஸ் பணத்தை வாரி இறைத்தார். அங்கே எழுந்த ஊருக்கு அவர் பெயரையே வைத்தார்கள். 1856 மே 21-ல் அடிமை முறை ஆதரவாளர்கள் அந்த ஊரைச் சூறையாடினர். மறுநாள் செனட் சபைக்குள்ளேயே சார்லஸ் சம்னரைத் தெற்கத்திய காங்கிரஸ் உறுப்பினர் ஒருவர் கைத்தடியால் ரத்தம் கொட்ட அடித்தார். மே 24 இரவு ஜான் பிரௌனின் கும்பல் கான்சாஸில் ஐந்து பேரை வெட்டிக் கொன்றது. போர் என்று யாரும் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

மத்திய-மாநில உரிமைச் சண்டைகளைப் பார்த்துப் பழகிய இந்திய வாசகர் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. தெற்கு மாநில உரிமைக்காகப் போராடியது என்று பின்னாளில் ஒரு கதை பரவியது. 1850-களில் மாநில உரிமை பேசியது வடக்குதான். அடிமை பிடிக்க மாநில அதிகாரிகள் உதவக் கூடாது என்று மாசசூசெட்ஸ் 1855-ல் சட்டம் போட்டது. பர்ன்ஸை அனுப்பிய கமிஷனர் எட்வர்ட் லோரிங் தன் மாநில நீதிபதி பதவியை 1858-ல் இழந்தார். விஸ்கான்சின் உச்சநீதிமன்றம் மத்தியச் சட்டமே செல்லாது என்றது; அமெரிக்க உச்சநீதிமன்றம் 1859-ல் அதைத் தள்ளுபடி செய்தது. அதே நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி ரோஜர் டேனிதான், கறுப்பர்கள் குடிமக்களே அல்ல என்று 1857-ல் டிரெட் ஸ்காட் வழக்கில் தீர்ப்பளித்தவர். மத்திய அரசின் இரும்புக்கரத்தை வேண்டி நின்றது தெற்கு.

அந்தப் பத்தாண்டில் இந்தச் சட்டப்படி திருப்பி அனுப்பப்பட்டவர்கள் சில நூறு பேர்தான். 40 லட்சத்தில் அது ஒரு பொருட்டே அல்ல. பர்ன்ஸ் ஒருவருக்காக அரசு செலவிட்டது சுமார் 40,000 டாலர் என்கிறார்கள். மறு ஆண்டே பாஸ்டன் மக்கள் 1,300 டாலர் கொடுத்து அவரை விலைக்கு வாங்கி விடுவித்தார்கள். கணக்குப் பார்த்தால் பைத்தியக்காரத்தனம். ஆனால் தெற்கு கேட்டது ஆளை அல்ல, அங்கீகாரத்தை. மனிதன் சொத்துதான் என்று வடக்கும் ஒப்புக்கொண்டு, தன் கையாலேயே விலங்கு மாட்ட வேண்டும் என்றது.

1860 நவம்பரில் ஆபிரகாம் லிங்கன் சுமார் 40 சதவீத ஓட்டுடன் வென்றார். அடிமை முறை இருக்கும் இடத்தில் அதைத் தொடமாட்டேன், பரவ மட்டும் விடமாட்டேன் என்பது அவர் நிலை. தப்பியவர்களைத் திருப்பித்தரும் கடமையைக்கூடப் பதவியேற்பு உரையில் ஏற்றுக்கொண்டார். பயனில்லை. டிசம்பர் 20-ல் தென் கரோலினா பிரிந்தது. நான்கு நாள் கழித்து வெளியிட்ட காரண அறிக்கையில், அடிமைகளைத் திருப்பித்தர மறுத்த வட மாநிலங்களைப் பெயர் சொல்லிப் பட்டியல் போட்டது. ஆக, வட மாநிலங்களின் உரிமை மீதே புகார்! பிரிந்தவர்கள் எழுதிய புதிய அரசியல் சட்டம், அடிமைச் சொத்துரிமையைத் தொடும் சட்டம் எதையும் தங்கள் காங்கிரஸ் இயற்றக் கூடாது என்றது. இம்முறை 'அடிமை' என்ற சொல்லை எழுத அவர்கள் கூசவில்லை. 1861 ஏப்ரல் 12-ல் சம்டர் கோட்டை மீது குண்டு விழுந்தது. தொடர்ந்த நான்காண்டுப் போரில் இறந்தவர்கள் 6 லட்சத்துக்கும் மேல். அண்மைக்கால ஆய்வு ஒன்று 7.5 லட்சம் என்கிறது.

சட்டம் மட்டும் இன்னும் ஏட்டில் இருந்தது. வர்ஜீனியா பிரிவினைக்கு வாக்களித்த 1861 மே 23 இரவு, மூன்று அடிமைகள் படகேறி வடக்கின் வசமிருந்த மன்றோ கோட்டையை அடைந்தனர். எதிரிக்காகப் பீரங்கி மேடை கட்டிக்கொண்டிருந்தவர்கள். மறுநாள் தெற்கின் ராணுவ அதிகாரி ஒருவர் வெள்ளைக் கொடியோடு வந்து, தப்பியோடிய அடிமைகள் சட்டப்படி மூவரையும் ஒப்படைக்கக் கேட்டார்! கோட்டைத் தளபதி பெஞ்சமின் பட்லர் மாசசூசெட்ஸ் வக்கீல். வர்ஜீனியா தன்னை வேறு நாடு என்று சொல்லிக்கொள்ளும்போது அமெரிக்கச் சட்டம் அதற்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்டார். போரில் பிடித்த எதிரிச் சொத்து என்று சொல்லி மூவரையும் வைத்துக்கொண்டார். செய்தி பரவியது. ஜூலை இறுதியில் கோட்டையைத் தேடி வந்திருந்தவர்கள் 900 பேர். அவர்களில் 225 பேர் பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகள்.