கால் ஏற்றட்டும், கயிறு காக்கட்டும்

மரம் ஏறுவதற்கு வேண்டியது கையின் பலமா, காலின் பலமா? இந்தக் கேள்வியை ஓர் அரங்கத்தில் கேட்டால் பாதிப் பேருக்கு மேல் கை என்றுதான் சொல்வார்கள். மரம் ஏறிப் பிழைத்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் சிலாங்கூர் தோட்டங்களில் கள்ளுக்கடை இருந்தது. அந்தக் கடைக்காகத் தென்னையில் ஏறிக் கள் இறக்கியவர்களில் தென்னிந்தியத் தொழிலாளர்களே அதிகம். அவர்கள் விட்டு வந்த ஊரில் பனை ஏறுபவர் இரண்டு கால்களையும் இணைத்துத் தளைநார் மாட்டிக் கொள்வார். அந்த நார் தண்டை இறுகப் பிடிக்கும், கால் உந்தும், உடல் மேலே போகும். கை தண்டை அணைத்துக் கொள்வதோடு சரி.

அந்தத் தளைநாரின் வேலையை இன்று உள்ளங்கை அளவு உலோகக் கருவி ஒன்று செய்கிறது. கடைகளில் இதை ‘ஃபுட் அசெண்டர்’ என்று கேட்டு வாங்குவார்கள். தமிழில் கால்பிடி என்று சொல்லலாம். தளைநார் மரத்தைப் பிடித்தது. கால்பிடி கயிற்றைப் பிடிக்கிறது. இரண்டுக்கும் உள்ள வேற்றுமை அதுதான்.

கோலசிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா, சபாக் பெர்ணம் வட்டாரங்களில் இந்தக் கருவியைப் பற்றி ஏன் பேச வேண்டும்? தோட்டங்கள் வீடமைப்பு இடங்களாக மாறிய ஊர்களில், தோட்ட வேலையை விட்டவர்கள் பலர் புல் வெட்டும் வேலைக்கும் மரம் வெட்டும் வேலைக்கும் போகிறார்கள். கோயில் ஓரத்து அரசமரம், பள்ளிக்கூடத்துத் தூங்குமூஞ்சி மரம், வீட்டுக் கூரைமேல் சாய்ந்த மாமரம் என்று கிளை கழிக்கக் கூப்பிடுகிறார்கள். ஓர் ஏணி, ஒரு கயிறு, ஒரு சங்கிலி ரம்பம். இவற்றை மட்டும் நம்பி ஏறுபவர் விழுந்தால், நாள் கூலியோடு குடும்பத்தின் வருமானமும் போய்விடும்.

கால்பிடி எப்படி வேலை செய்கிறது?

கால்பிடி காலணியின் உட்பக்கத்தில், கணுக்காலை ஒட்டி வாரினால் கட்டப்படும். அதற்குள் சிறிய பற்களைக் கொண்ட ஒரு நாக்கு, சுருள்வில்லின் அழுத்தத்தில் நிற்கும். மேலிருந்து தொங்கும் கயிறு அந்த நாக்குக்கும் சட்டத்துக்கும் நடுவே ஓடுகிறது. காலைத் தூக்கும்போது நாக்கு விலகிக் கயிற்றை வழுக விடும். காலை அழுத்தும்போது பற்கள் கயிற்றைக் கவ்வும். அந்த நொடியில் கயிறே ஒரு படியாகி விடுகிறது. ஏறுபவர் அதன்மேல் எழுந்து நிற்கிறார்.

ஓர் எட்டுக்கு 40 சென்டிமீட்டர் என்று வைத்துக் கொண்டால், 20 மீட்டர் உயரத்துக்கு 50 எட்டுகள். மாடிப்படி ஏறுவது போன்ற வேலைதான். இதையே கையால் இழுத்து ஏறினால், உச்சிக்குப் போவதற்குள் தோள் ஓய்ந்து விடும். அதற்குப் பிறகுதான் ரம்பத்தைத் தூக்க வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. களைத்த கையும் ஓடுகிற ரம்பமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

இந்தக் கருவிக்குப் பின்னால் மலையேறிகளின் அனுபவம் இருக்கிறது. ஆஸ்திரியாவின் கார்ல் புருசிக் 1931இல் கயிற்றில் இறுகிப் பிடிக்கும் முடிச்சு ஒன்றைப் பலரும் அறியச் செய்தார். 1958இல் சுவிட்சர்லாந்தின் யூசி, மார்ட்டி என்ற இருவர் ‘ஜூமார்’ என்ற உலோகக் கைப்பிடியைக் கொண்டு வந்தார்கள். பிரான்சின் பெட்சல் நிறுவனம் காலுக்கென்று செய்த பிடியின் பெயர் ‘பாந்தன்’. பிரெஞ்சு மொழியில் அதற்கு, நூலை இழுத்தால் கை கால் ஆட்டும் பொம்மை என்று பொருள்.

உயிரை எதில் ஒப்படைப்பது?

இந்த இடத்தில்தான் கவனம் வேண்டும். கால்பிடி உயிர் காக்கும் கருவி அல்ல. பெட்சல் நிறுவனமே தன் கால்பிடியைப் பாதுகாப்புச் சாதனமாகக் கருதக் கூடாது என்று எச்சரிக்கிறது. காலைப் பின்புறமாக உதறினால் கயிறு கழன்று வந்து விடும். அப்படிக் கழல வேண்டும் என்றுதான் அதைச் செய்திருக்கிறார்கள். சில வகைகளில் தடுப்பு நாக்கு உண்டு. ஆனால் அது இருந்தாலும் கால்பிடியின் வேலை மாறுவதில்லை.

அப்படியானால் உயிரைத் தாங்குவது எது? இடுப்பிலும் தொடையிலும் கட்டும் ஹார்னஸ், அதைக் கயிற்றோடு இணைக்கும் முதன்மைப் பிடி, அந்தக் கயிறு, கயிறு தொங்கும் கிளை. இந்த நான்கும்தான். கால்பிடி இல்லாமலும் ஏறுபவர் கயிற்றில் பத்திரமாகத் தொங்க வேண்டும். அப்படித் தொங்க முடியாவிட்டால் அவர் ஏறவே கூடாது. ரம்பத்தை இயக்கும் முன் மரத்தைச் சுற்றி இரண்டாவது கட்டு ஒன்றும் போட வேண்டும். ரம்பம் தவறி ஒரு கயிற்றை அறுத்தாலும் மற்றது தாங்கும்.

கிளையைத் தேர்ந்தெடுப்பதில் பலரும் கவனிக்காத ஒரு கணக்கு உண்டு. கயிற்றைக் கிளைமேல் போட்டு, மறுமுனையை அடிமரத்தில் கட்டி ஏறும்போது, கிளை ஏறுபவரின் எடையை மட்டும் சுமப்பதில்லை. ஒரு பக்கம் அவர் இழுக்கிறார், மறுபக்கம் கட்டு இழுக்கிறது. 80 கிலோ எடையுள்ளவர் தொங்கினால் கிளைமேல் ஏறக்குறைய 160 கிலோ விழும். அதனால்தான் ஏறும் முன் இருவர் சேர்ந்து தொங்கிக் கிளையைச் சோதித்துப் பார்க்கிறார்கள். அடிமரத்தில் கட்டிய முனைக்கு அருகில் யாரும் ரம்பத்தோடு போகக் கூடாது. கீழே ஒரு வெட்டு தவறினால் மேலே இருப்பவர் விழுவார்.

வட சிலாங்கூருக்கென்று சில எச்சரிக்கைகளும் உண்டு. கடலோரக் களிமண்ணும் கரிமண்ணும் நிறைந்த பகுதி இது. சேறு அப்பிய காலணியோடு ஏறினால் கால்பிடியின் பற்களில் சேறு அடைத்துக் கொள்ளும். பிறகு அது கயிற்றைக் கவ்வாமல் வழுக்கும். இளகிய மண்ணில் நிற்கும் மரத்தின் வேர் அசைந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அடிமரத்தில் தட்டுத் தட்டாகக் காளான் வளர்ந்திருந்தால் உள்ளே உளுத்திருக்கலாம். கிளையில் குளவிக் கூடு இருந்தாலும், பிற்பகல் வானம் இடிக்கத் தொடங்கினாலும், அன்று ஏறாமல் இருப்பதே அறிவு.

எல்லா மரத்துக்கும் இது பொருந்துமா?

பொருந்தாது. கயிற்றைப் போடக் கிளை வேண்டும். தூங்குமூஞ்சி, மா, பலா, டுரியான் போன்ற கிளை மரங்களுக்கு இது சரி. தென்னைக்கும் செம்பனைக்கும் மட்டைதான் உண்டு. மட்டையை நம்பிக் கயிற்றைத் தொங்க விட முடியாது.

தென்னைக்கு வேறு வழி இருக்கிறது. கேரளத்தின் செம்பேரியைச் சேர்ந்த எம்.ஜே. ஜோசப் வடிவமைத்த கருவியில் ஒவ்வொரு காலுக்கும் தனித்தனிச் சட்டம் உண்டு. கம்பி வளையம் தண்டைச் சுற்றிப் பிடிக்கும். ஒரு கால் மாற்றி ஒரு கால், நடப்பது போல ஏறலாம். மரம் ஏற ஆளில்லாமல் தவித்த கேரளத்தில், தென்னை வளர்ச்சி வாரியம் 2011இல் தொடங்கிய பயிற்சித் திட்டத்தில் இளைஞர்களோடு பெண்களும் இயந்திரத்தின் துணையில் மரம் ஏறக் கற்றார்கள்.

செம்பனைக்கோ ஏறவே தேவையில்லை. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோக்கோனியே முயற்சியில் கோலசிலாங்கூர் மாவட்டத்தில்தான் உருவானது. அந்தத் தோட்டத்தின் பெயர் தெனமாரம். தமிழ்க் காதில் அது தென்னமரம் என்றே விழும். இன்று குலை வெட்டுபவர் தரையில் நின்றே வெட்டுகிறார். இளமரத்துக்கு உளி, உயர்ந்த மரத்துக்கு நீண்ட கோலில் கட்டிய அரிவாள். அவருக்கு உள்ள ஆபத்து வேறு. விழும் குலையும், மின்கம்பியில் படும் அலுமினியக் கோலும்தான் அவருக்குப் பகை.

கீழே நிற்பவர் யார்?

மரம் ஏறும் வேலை ஒருவர் வேலை அல்ல. ஏறத் தொடங்கும்போது கயிற்றின் கீழ்ப்பகுதிக்கு எடை இருக்காது. அதனால் கால்பிடி கயிற்றையும் சேர்த்துத் தூக்கும். கீழே ஒருவர் கயிற்றைப் பிடித்துக் கொண்டால்தான் முதல் சில மீட்டர்கள் ஒழுங்காகப் போகும். ஆனால் அவருக்கு அதைவிடப் பெரிய பொறுப்பு ஒன்று இருக்கிறது. மேலே இருப்பவர் மயங்கி ஹார்னஸில் தொங்கினால், கால்களில் இரத்தம் தேங்கிச் சில நிமிடங்களிலேயே உயிருக்கு ஆபத்து வரலாம். 999ஐ அழைத்துவிட்டுக் காத்திருந்தால் மட்டும் போதாது. அவரைக் கீழே இறக்கத் தெரிந்த ஒருவர் அங்கேயே இருக்க வேண்டும்.

சட்டமும் தொழிலாளர் பக்கம் இருக்கிறது. 1994ஆம் ஆண்டுத் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. வேலையின் ஆபத்தை முன்கூட்டியே மதிப்பிடுவது முதலாளியின் கடமை. கண்முன்னே ஆபத்து இருந்து, முதலாளி அதை நீக்காவிட்டால், அந்த இடத்தை விட்டு விலகத் தொழிலாளருக்கு உரிமை உண்டு. கூலி வேலையானால் முதலாளி சொக்சோ கட்ட வேண்டும். சொந்தமாக ஒப்பந்தம் எடுப்பவர்களுக்கு 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தனித் திட்டம் இருக்கிறது.

யானைக்கும் அடி சறுக்கும் என்பது நம் பழமொழி. முப்பது வருடம் மரம் ஏறியவருக்கும் ஒரு நாள் சறுக்கலாம். அந்த நாளில் அவரைப் பிடித்து நிறுத்த ஒரு நல்ல கயிறும், கீழே விவரம் தெரிந்த ஒருவரும் இருக்க வேண்டும். கிளை கழிக்க ஆள் கூப்பிடும் கோயில் நிர்வாகமும், பள்ளி வாரியமும், வீட்டுக்காரரும் கூலியைப் பேசும் முன் இந்த இரண்டையும் கேட்கட்டும்.