தாய்ப்பாலில் பிள்ளைக்குச் செரிக்காத ஒரு சர்க்கரை

பிரசவத்தில் முக்கும்போது பிள்ளையோடு கொஞ்சம் மலமும் வெளியேறுவது சகஜம். தாய் கூசிப்போவாள், நர்ஸ் எதுவும் சொல்லாமல் துடைத்துவிடுவார். கூச்சப்பட அதில் ஒன்றுமில்லை. பெரும்பாலான குழந்தைகள் தாயின் முதுகுப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டே வெளியே வருகின்றன. தாயின் குடலில் வாழும் பாக்டீரியா பிள்ளையின் வாய்க்குள் போக அங்கே வழி கிடைக்கிறது.

2019இல் பிரிட்டனில் ஏறத்தாழ 600 குழந்தைகளின் மலத்தை ஆராய்ந்தார்கள். சுகப்பிரசவக் குழந்தைகளுக்குத் தாயின் குடல் பாக்டீரியா வந்து சேர்ந்திருந்தது. சிசேரியன் குழந்தைகளிடம் அது குறைவு. மருத்துவமனைகளில் உலவும் எண்டரோகாக்கஸ், க்ளெப்சியெல்லா போன்றவை அதிகம். தமிழ்நாட்டில் நூற்றுக்குச் சுமார் 45 பிரசவங்கள் சிசேரியன் என்கிறது 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு. அந்தத் தாய்மார்கள் மனம் கலங்க வேண்டாம். ஓராண்டுக்குள் இந்த வேறுபாடு பெருமளவு குறைந்துவிட்டதையும் அதே பிரிட்டன் ஆய்வு காட்டியது.

பின்லாந்தின் ஹெல்சின்கியில் ஒரு படி மேலே போனார்கள். சிசேரியனில் பிறந்த 7 குழந்தைகளுக்கு, அவரவர் தாயின் மலத்தில் மிகச் சிறிதளவைப் பாலில் கலந்து ஊட்டினார்கள். மூன்று மாதத்தில் அவர்களின் குடல், சுகப்பிரசவக் குழந்தைகளின் குடலைப் போலவே ஆனது. 2020இல் வெளியான ஆய்வு இது. முதலில் சேர்த்த தாய்மார்கள் 17 பேர். நோய்க்கிருமிச் சோதனைகளைத் தாண்டித் தேர்வானவர்கள் 7 பேர்தான். வீட்டில் யாரும் தயவுசெய்து முயல வேண்டாம்.

வீட்டில் நம் கையில் இருப்பது தாய்ப்பால். அதில் லாக்டோஸ், கொழுப்புக்கு அடுத்தபடியாக மிகுந்திருப்பது ஆலிகோசாக்கரைடு எனும் சர்க்கரை வகை. பிள்ளைக்கு அது செரிக்காது. குடலில் குடியேறிய பிஃபிடோபாக்டீரியாவுக்கு அதுதான் சாப்பாடு. சீம்பாலில் இது இன்னும் அதிகம், லிட்டருக்கு 20 கிராமுக்கு மேல். அந்தச் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டு, சேனை என்று சர்க்கரைத் தண்ணீரைப் பிள்ளையின் நாக்கில் தொட்டுவைக்கும் வீடுகள் இன்றும் இருப்பதை நினைத்தால் வயிறு எரிகிறது.

பிஃபிடோபாக்டீரியாவை 1899இல் பாரிஸில் ஹென்றி டிசியே கண்டெடுத்ததும் தாய்ப்பால் குடித்த குழந்தையின் மலத்திலிருந்துதான். அந்தச் சர்க்கரையைத் தின்று அது அமிலத்தை வெளிவிடுகிறது. கெட்ட கிருமிகள் பல அந்தப் புளிப்பில் பெருக முடிவதில்லை. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பிள்ளையின் துணியை மாற்றும்போது மூக்கில் ஏறுமே, லேசான புளித்த வாடை, அது இந்த அமிலத்தின் வாடைதான்.