முந்நூற்றில் பெயர் வாங்கியது, நாற்பதுக்குத் தேவைப்படுவது

பைக் விபத்து என்றதும் நம் பேச்சு தலையில் தொடங்கித் தலையிலேயே முடிந்துவிடும். ஹெல்மெட் போட்டிருந்தாரா, இல்லையா? போட்டிருந்தும் போய்விட்டார் என்றால் ‘நேரம் சரியில்லை’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவோம். அப்படிப் போனவர்களில் சிலருக்குத் தலையில் கீறல்கூட இருக்காது. விலா எலும்பு முறிந்து நுரையீரலில் குத்தியிருக்கும். மண்ணீரலோ கல்லீரலோ கிழிந்து வயிற்றுக்குள் ரத்தம் தேங்கியிருக்கும். வெளியே தெரியாத காயம் என்பதால் விழுந்தவர் எழுந்து உட்கார்ந்து, வீட்டுக்கு போன் செய்து, ‘ஒண்ணும் இல்லை’ என்று சொன்ன பிறகும் சரிந்துவிடுவதுண்டு. பைக்கில் போய் உயிரிழப்பவர்களுக்குத் தலைக்கு அடுத்தபடியாக எமனாவது நெஞ்சில் படும் அடிதான் என்று டோக்கியோ மாநகரக் காவல் துறை பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது. நெஞ்சுக் கவசம் அணியச் சொல்லித் தனியாகவே பிரசாரம் செய்கிறது. நம் ஊரில் நெஞ்சுக் கவசம் என்றால் கர்ணன் ஞாபகம்தான் வருகிறது.

2022ஆம் ஆண்டுக்கான மத்திய அரசின் சாலை விபத்து அறிக்கையில் சாவுக் கணக்கு 1,68,491. அதில் 44.5 சதவீதம், அதாவது சுமார் 75 ஆயிரம் பேர், இரு சக்கர வாகனத்தில் போனவர்கள். ஹெல்மெட் அணியாமல் இறந்தவர்கள் என்று அதே அறிக்கை சொல்வது 50,029 பேரை. கழித்துப் பார்த்தால் சுமார் 25 ஆயிரம் பேர் மிஞ்சுகிறார்கள். இந்த 25 ஆயிரம் பேரைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. ஹெல்மெட் போட்டும் பிழைக்காதவர்கள் இவர்களுக்குள்தான் இருக்கிறார்கள். ஏர்பேக் வெஸ்ட் வேண்டுமா, வேண்டாமா என்ற கேள்வியும் இவர்களிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

கையில்லாத, கொஞ்சம் கனமான கோட்டு மாதிரி இருக்கும் சமாச்சாரம் அது. உள்ளே மடித்து வைத்த பை, ஒரு சிறு வாயு உருளை. வண்டியிலிருந்து ஓட்டுபவர் தூக்கி எறியப்படும்போது உருளை திறந்து, வாயு பைக்குள் பாய்ந்து, கண் இமைக்கும் நேரத்துக்குள் நெஞ்சு, முதுகு, கழுத்து, இடுப்பைச் சுற்றி உப்பிவிடும். சில நொடிகளில் காற்று மெல்ல இறங்கத் தொடங்கும். யோசனை புதிதல்ல. ஹங்கேரிக்காரரான தமாஷ் ஸ்ட்ராப் 1976லேயே இதற்குக் காப்புரிமை வாங்கினார். விற்பனைக்குக் கொண்டுவந்தது ஜப்பானின் முகென் டென்கோ நிறுவனம். தொண்ணூறுகளின் இறுதியில் ‘ஹிட்-ஏர்’ என்ற பெயரில் வந்தது. ஆனால், உலகம் திரும்பிப் பார்த்தது பந்தயக்காரர்கள் போட்ட பிறகுதான். இத்தாலியின் டைனீஸ் நிறுவனம் வருடக் கணக்கில் மெனக்கெட்டு உருவாக்கிய உடை, 2007இல் வலென்சியா பந்தயத்தில் முதன்முறையாக விரிந்தது. 2018 முதல் மோட்டோஜிபி பைக் பந்தயங்களின் மூன்று பிரிவுகளிலும் ஏர்பேக் இல்லாமல் களத்தில் இறங்க முடியாது.

மணிக்கு 300 கிலோமீட்டரில் ஓட்டுகிறவனையே காப்பாற்றுகிறது என்றால் நம்மைக் காப்பாற்றாதா என்று தோன்றும். விளம்பரங்களும் அதைத்தான் சொல்லாமல் சொல்கின்றன. இங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். பந்தயத் தடத்தில் விழுகிறவனுக்கு எதிரே எதுவும் இல்லை. சறுக்கிக்கொண்டே போவான், சரளையில் உருளுவான், பெரும்பாலும் எழுந்து நடப்பான். ஏர்பேக் அங்கே காப்பது முக்கியமாகத் தோளையும் காறை எலும்பையும். நம் சாலையில் விழுகிறவனுக்கு எதிரே எல்லாமே இருக்கின்றன. சென்டர் மீடியன், மின்கம்பம், விளக்கு எரியாமல் ஓரமாக நிறுத்திய டிப்பர் லாரி, பின்னாலேயே உறுமிக்கொண்டு வரும் தனியார் பேருந்து. வேகம் குறைவுதான், ஆனால், உடம்பு மொத்த வேகத்தையும் ஒரே இடத்தில், ஒரே நொடியில் இழக்கிறது.

ஊதிய பையால் என்ன ஆகும்? ஐரோப்பியத் தரச் சோதனைகளை ஒப்பிட்டால் ஒரு பதில் கிடைக்கிறது. ஜாக்கெட்டின் முதுகில் வைக்கும் சாதாரணப் பாதுகாப்புத் தகட்டை 50 ஜூல் ஆற்றலோடு அடித்துப் பார்ப்பார்கள். அடியில் ஊடுருவும் விசை சராசரியாக 18 கிலோநியூட்டனுக்குள் இருந்தால் முதல் நிலைச் சான்று, 9க்குள் என்றால் இரண்டாம் நிலை. ஊதும் பைகளுக்கான ஈஎன் 1621-4 தரத்திலும் அதே 50 ஜூல்தான். ஆனால், அங்கே முதல் நிலைக்கே 4.5க்குள் இருக்க வேண்டும். இரண்டாம் நிலைக்கு 2.5. நல்ல தகட்டைவிட நல்ல பை மூன்று, நான்கு மடங்கு மென்மையாக அடியை வாங்குகிறது என்று பொருள். சந்தேகமே வேண்டாம், பொருள் நல்ல பொருள்.

இதே கணக்கு அதன் எல்லையையும் காட்டிவிடுகிறது. 50 ஜூல் என்பது ஐந்து கிலோ எடைக்கல்லை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போடுவது. 70 கிலோ ஆள் மணிக்கு 40 கிலோமீட்டரில் பறந்தால் அவர் உடம்பில் இருக்கும் ஆற்றல் 4,000 ஜூலைத் தாண்டும். 60இல் அது இரண்டு மடங்குக்கும் மேலே, ஏறக்குறைய 9,700. விழும்போது எல்லா ஆற்றலும் நெஞ்சில் இறங்குவதில்லை என்பது உண்மை. இருந்தாலும் வேகம் கூடக் கூடப் பை சீக்கிரம் தோற்கும். நாற்பதில் விலா எலும்பைக் காப்பாற்றும் அதே வெஸ்ட், நூற்றில் லாரியின் பின்புறத்தில் மோதினால் பெரிதாக எதுவும் செய்துவிடாது.

நெடுஞ்சாலையில் பெரிய பைக்கை முறுக்குகிறவர்தான் இதை வாங்குகிறார். ஆனால், நகரத்துக்குள் முப்பதிலும் நாற்பதிலும் நாள் முழுக்கச் சுற்றுகிறவருக்குத்தான் இது அதிகம் பலன் தரும். ஐந்து ஐரோப்பிய நாடுகளில் 921 விபத்துகளை இடத்துக்கே போய் ஆராய்ந்த ‘மெய்ட்ஸ்’ ஆய்வும், இரு சக்கர வண்டிகள் மோதும் வேகம் பெரும்பாலும் 50க்குக் கீழேதான் என்று கண்டது. பந்தயக்காரனால் பெயர் வாங்கிய பொருளுக்குச் சரியான ஆள், முதுகில் சாப்பாட்டுப் பெட்டியோடு சிக்னலில் நம் பக்கத்தில் நிற்கும் டெலிவரி பையன்தான். அவனிடம் அதற்குக் காசு இல்லை. இந்தியாவில் இன்று ஏர்பேக் வெஸ்ட்டின் விலை ஏறக்குறைய முப்பதாயிரத்தில் தொடங்குகிறது. இத்தாலிப் பெயர் பொறித்தது வேண்டுமென்றால் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். பழைய ஸ்கூட்டி ஒன்றையே வாங்கிவிடலாம்.

சந்தையில் இரண்டு வகை உண்டு. ஒன்று கயிற்று வகை. வெஸ்ட்டிலிருந்து ஒரு வார் வண்டியின் சீட்டுக்கடியில் மாட்டியிருக்கும். ஆள் வண்டியைவிட்டுப் பிரிந்து பறந்தால் வார் இழுபட்டு உருளையைத் திறக்கும். மின்கலம் வேண்டாம், சார்ஜ் வேண்டாம், செயலி வேண்டாம். பை உப்பிய பிறகு உருளையை மாற்றிவிட்டுத் திரும்பவும் போட்டுக்கொள்ளலாம். மாட்டியதை மறந்து டீக்கடையில் இறங்கினால் வெடித்துவிடுமோ என்ற பயம் தேவையில்லை. சுமார் 30 கிலோ இழுவை வேண்டும், சும்மா இறங்கினால் சட்டையைப் பிடித்து இழுத்த மாதிரி ஒரு வெட்டு வெட்டும், அவ்வளவுதான். கோபத்தில் குதித்து இறங்குகிறவர்கள் டீக்கடை முன்னால் பலூனாக நிற்க நேரலாம்.

அதன் பலவீனம் நேருக்கு நேர் மோதல். வார் முழுதும் இழுபட்ட பிறகுதான் பை உப்பத் தொடங்குகிறது. உப்பச் சுமார் பத்தில் ஒரு பங்கு நொடி. நாற்பதில் அந்த நேரத்துக்குள் உடம்பு ஒரு மீட்டருக்குமேல் போய்விடும். எதிரே கார் இருந்தால் அந்த ஒரு மீட்டருக்குள்ளேயே நெஞ்சு இடித்திருக்கலாம். சிக்னலில் நிற்கும்போது பின்னாலிருந்து இடித்தாலும், வண்டியும் ஆளும் ஒன்றாகச் சரிந்து சறுக்கினாலும் இதே சிக்கல்தான்.

மின்னணு வகை இதற்குப் பதில் சொல்ல வந்தது. உடம்பின் அசைவை உணரிகள் நொடிக்கு ஆயிரம் முறை பார்த்துக்கொண்டே இருக்கும். இது விழுகிற அசைவு என்று கணினி முடிவு செய்ததும் பை விரியும். பிரான்ஸின் இன் அண்ட் மோஷன் நிறுவனம் கண்டுபிடிப்பதற்கும் உப்புவதற்கும் சேர்த்து 60 மில்லி நொடி போதும் என்கிறது. வேலை செய்தால் கயிற்று வகையைவிட இதுதான் மேல். ஆனால், அந்தக் கணினிக்கு விழுவது எப்படியிருக்கும் என்று சொல்லிக்கொடுத்தது பெரும்பாலும் ஐரோப்பாவின் சாலைகளும் பெரிய வண்டிகளும். வர்ணம் பூசாத வேகத்தடையில் எகிறி விழும் மொபெட்டையும், மழையில் மூடிய பள்ளத்தையும் அது எப்படிப் புரிந்துகொள்ளும் என்று வாங்குமுன் கேட்க நமக்கு உரிமை உண்டு.

இன்னொரு விவகாரமும் இருக்கிறது. இதே நிறுவனத்தின் கருவியைப் பொருத்திய கிளிம் ஏஐ-1 என்ற வெஸ்ட்டைப் பற்றி 2021இல் பெரிய சர்ச்சை எழுந்தது. அந்தக் கருவியைச் சந்தா கட்டிப் பயன்படுத்தலாம், மொத்தமாகக் காசு கட்டி வாங்கும் வழியும் இருந்தது. சந்தா வழியைத் தேர்ந்தெடுத்தவர் பணம் கட்டத் தவறினால், அறிவிப்பும் அவகாசமும் தந்த பிறகு கருவி இயங்காது. இயங்கவில்லை என்பதை விளக்கு காட்டிவிடும், ஓட்டுபவருக்குத் தெரியாமல் போகாது என்று அவர்கள் தரப்பு நியாயம். இருக்கட்டும். டிஷ் டிவிக்குப் பணம் கட்டாவிட்டால் சீரியல் நிற்பதை ஏற்றுக்கொள்கிறோம். உயிர்க்கவசமும் மாதத் தவணையில் உயிரோடு இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

நம் ஊருக்கு வருவோம். சித்திரை வெயிலில் மதியம் வண்டி ஓட்டுகிறவரிடம் சட்டைக்கு மேல் இன்னொரு கனத்த துணியைப் போட்டுக்கொள் என்பது எளிதில் எடுபடாது. மின்னணு வெஸ்ட்டுகளில் பல, ஜாக்கெட்டுக்குள் அணிவதற்கென்று செய்யப்பட்டவை. நம்மில் எத்தனை பேர் ஜாக்கெட் போடுகிறோம்? பின்னால் உட்காருபவருக்குத் தனி வெஸ்ட், தனி வார் வேண்டும். ஒரு பக்கமாகக் கால் போட்டு, மடியில் குழந்தையை வைத்து உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு எந்த நிறுவனமும் வெஸ்ட் வடிவமைத்ததாக நான் கேள்விப்படவில்லை. நம் சாலையில் அது அன்றாடக் காட்சி. நம் மோட்டார் வாகன விதிகள் சேலை சக்கரத்தில் சிக்காமல் இருக்கப் பின்சக்கரத்துக்குத் தடுப்பு வைக்கச் சொல்கின்றன. அந்த அளவுக்கு இந்தப் பயணத்தைப் புரிந்துகொண்டவர்கள் விதி எழுதியவர்கள் மட்டும்தான்.

ஆகவே சட்டமாக்கலாமா என்றால், கூடாது. 2015 ஜூலை முதல் தேதி உயர் நீதிமன்ற உத்தரவின்படி ஹெல்மெட் கட்டாயம் என்று வந்தபோது தமிழ்நாடே கடைகளில் முண்டியடித்தது. கொஞ்ச நாளில் ஹெல்மெட் கண்ணாடியிலும் பெட்ரோல் டேங்க் மேலும் தொங்கத் தொடங்கியது. ஆயிரம் ரூபாய்ப் பொருளையே போலீஸைக் கண்டால் மட்டும் தலைக்கு ஏற்றுகிற இடத்தில், முப்பதாயிரம் ரூபாய்ப் பொருளைக் கட்டாயமாக்கினால் பிளாட்பாரத்தில் முந்நூறு ரூபாய்க்குப் போலி வெஸ்ட்தான் வரும். போலி ஹெல்மெட்டின் கதை தெரிந்ததுதானே.

ஆனால், அடுத்தவர் வேலைக்காகச் சாலையில் இருப்பவர்களின் கதை வேறு. உணவும் பார்சலும் கொண்டுபோகிறவர்கள், போக்குவரத்துக் காவலர்கள், ரோந்து போகிறவர்கள். ஐரோப்பாவில் பல இடங்களிலும் ஜப்பானிலும் பைக் போலீஸார் ஏர்பேக் அணிகிறார்கள். துறையே வாங்கித் தருவதுதான் அங்கே வழக்கம். சில நிமிடங்களில் மளிகை வரும் என்று நமக்கு வாக்குக் கொடுக்கிற நிறுவனம், அந்த வாக்கைக் காப்பாற்றத் தினம் பல மணி நேரம் சாலையில் இருப்பவனுக்கு டீ-ஷர்ட்டும் பையும் தருகிறது. லோகோவோடு சேர்த்து ஓர் ஏர்பேக்கைத் தருவதில் என்ன கஷ்டம்? ஆயிரக்கணக்கில் ஆர்டர் போனால் இந்த விலை நிற்காது. கயிற்று வகையில் துணி, பை, உருளை, ஒரு விசை. நம் தையல் நகரங்களுக்குத் தெரியாத வேலை இல்லை. அரசுக்கும் இதில் கணக்கு உண்டு. ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தை 2021 டிசம்பரில் தொடங்கியபோது, விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவை ஏற்பதாக அறிவித்தார்கள். விழுந்த பிறகு அவ்வளவு செலவழிக்கும் அரசு, விழுமுன் கொஞ்சம் செலவழிக்கும்படி நிறுவனங்களை நெருக்கலாம்.

சொந்தக் காசில் வாங்க நினைப்பவர்களுக்கு: முதலில் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள, முகம் மூடும் ஹெல்மெட், தாடைக்கடியில் வார் இறுக்கமாக. அடுத்து கையுறை, கணுக்கால் மூடும் ஷூ. காலுக்கு ஏர்பேக் எதுவும் செய்யாது. வண்டியில் ஏபிஎஸ் இருக்கிறதா என்று பாருங்கள். விழாமலே இருப்பதற்கு அது உதவும். இவை எல்லாம் ஆன பிறகும் பணம் இருந்து, தினமும் நீண்ட தூரம் போகிறவர் என்றால் வெஸ்ட்டைத் தாராளமாக வாங்கலாம். வெயிலில் ஜாக்கெட் போட மாட்டேன் என்பவருக்குச் சட்டைக்கு மேலேயே போடும் கயிற்று வகைதான் சரி. ஈஎன் 1621-4 என்று உள்ளே அச்சிட்டிருக்கிறதா, உங்கள் அளவுக்குப் பை உப்பும்போது மூச்சு விட இடம் இருக்கிறதா, மாற்று உருளை உங்கள் ஊரிலேயே கிடைக்குமா, அதன் விலை என்ன என்று கடையிலேயே கேட்டுவிடுங்கள். உருளை கூரியரில் வர ஒரு மாதம் ஆகும் என்று பதில் வந்தால், அடுத்த கடைக்குப் போங்கள்.